எதுவும் செய்யாத பெட்டிகள்

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. தொலைக்காட்சி விளம்பரங்களுக்குக் கணினியில் படம் செய்கிற இடம். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பால்மாவும் பிஸ்கட்டும் செய்துகொண்டிருந்தோம்.

நான் சேர்ந்து நான்கு மாதத்தில், அங்கே மூத்தவராக இருந்தவர் விசா கிடைத்துக் கனடாவுக்குப் போய்விட்டார். அவர் செய்திருந்த பால்மா விளம்பரத்தில், கோப்பையிலிருந்து எழும் ஆவி ஒரு யானைக்குட்டியாக மாறும். கம்பனி இப்போது பக்கற்றை மாற்றியிருந்தது. புதிய பக்கற்றோடு அதே யானை வேண்டுமாம்.

அந்த மென்பொருளில் வரிவரியாக நிரல் எழுதுவதில்லை. சின்னச் சின்னப் பெட்டிகளைத் திரையில் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வயர் இழுக்க வேண்டும். ஒரு பெட்டி ஆவியை உண்டாக்கும், அடுத்தது காற்றடிக்கும், அதற்கடுத்தது நிறம் கொடுக்கும். அவர் முந்நூறு பெட்டிக்கு மேல் வைத்திருந்தார். ஒன்றிலும் ஒரு குறிப்புக் கிடையாது.

"விளங்குதோ தம்பி?" என்றார் முதலாளி.

"இல்லீங்க சேர்."

"அவனுக்கும் விளங்கியிராது. அதுதான் ஓடிட்டான்."

பெட்டி பெட்டியாகத் திறந்து கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இரண்டு நாளில் நாற்பதுதான் முடிந்தது. அதன் பிறகே அந்த வேலையைக் கணினியிடமே கொடுக்கலாம் என்று தோன்றியது. ஸ்கிரிப்ட் என்று சொல்லும் ஒரு சிறிய நிரல் எழுதினேன். அது ஒவ்வொரு பெட்டிக்கும் போய், இது என்ன வகை, எந்த எண் மாற்றப்பட்டிருக்கிறது, வயர் எங்கே போகிறது என்று பார்த்துப் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதும். வகைக்கு ஒரு வாக்கியம் மட்டும் நான் கொடுத்தால் போதும். மென்பொருளுக்குள் தமிழ் எழுத்துத் தெரியவில்லை. ஆகவே பெட்டிப் படத்தையும் குறிப்பையும் ஒரு வலைப்பக்கமாக வெளியே எடுத்தேன்.

பக்கத்து மேசையில் எடிட்டிங் செய்த அக்கே, இரத்மலானையிலிருந்து வருகிற சிங்களப் பெண், எட்டிப் பார்த்தாள். அவள் எனக்கு அக்கே, நான் அவளுக்கு மல்லி, அதாவது தம்பி.

"மல்லி, சிங்களத்திலயும் போடுங்களே. ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா நான் யார்ட்ட போய்க் கேக்கிற?"

வேலை இரண்டு மடங்காகிறதே என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்.

ஒரு வகைப் பெட்டி மட்டும் என்னைக் குழப்பியது. உள்ளே போவது அப்படியே வெளியே வரும். அடையாளத்துக்காக வைப்பார்களாம். "இந்தப் பெட்டி எதுவும் செய்யாது" என்று எழுதிவிட்டேன். ஸ்கிரிப்ட் அதை அறுபது இடத்துக்கு மேல் நாணயமாக எழுதி வைத்தது.

கொட்டாஞ்சேனை அறையில் எனக்குக் கணினி இல்லை. இரவில் படிக்க அச்சடித்துக்கொண்டேன். அதில்தான் பிழை விட்டேன். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிற தாள் எனக்கு இன்றுவரை குப்பை இல்லை. பிரிண்டருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கட்டு கிடந்தது. அதையே போட்டேன். பதினொரு தாள்களையும் டேப்பால் ஒட்டி மடித்துப் பைக்குள் வைத்தேன். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

பின்னேரம் நான் அறைக்குப் போன பஸ்ஸைக் காலி வீதிச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். தோட்டத்து முகவரி போட்ட அடையாள அட்டையையும் கொழும்பில் தங்கப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டையும் நீட்டினேன். அதிகாரி பையைத் திறந்து தாளை விரித்தார். பெட்டிகள், வயர்கள், தமிழ்.

"மொகக்த மே?" இது என்னவென்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் திருப்பினார். பின்பக்கத்தில் கொழும்பு வீதிகள். அவற்றின் மேல் சிவப்புப் புள்ளிகள். ஒரு வங்கி விளம்பரத்துக்காக முன்னர் செய்தது. புள்ளி ஒவ்வொன்றும் காசு எடுக்கிற மெஷின் இருக்கும் இடம். நானும் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

எனக்கிருந்த சிங்களமெல்லாம் எங்கோ போய்விட்டது. "பேங்க்... மெஷின் சேர்..." என்றேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. இவர்கள் கொண்டுபோனால் தோட்டத்தில் அம்மாவுக்குத் தெரிய எத்தனை நாளாகும் என்று மனம் எண்ணத் தொடங்கியது.

அதிகாரி மறுபடி திருப்பித் தமிழுக்குக் கீழே இருந்த சிங்கள வரிகளை உரக்க வாசித்தார். "இந்தப் பெட்டி கோப்பையிலிருந்து ஆவியை எழுப்பும். இந்தப் பெட்டி யானையின் காதை ஆட்டும்." நிறுத்தினார். "யானையின் காதா?"

"பால்மா விளம்பரம், சேர்."

ஒரு குறிப்பை உள்ளங்கையால் மறைத்து, இந்தப் பெட்டி என்ன செய்யும் என்று கேட்டார். வயரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். இன்னொன்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"இது?"

"அது எதுவும் செய்யாது, சேர்."

கையை எடுத்தார். அப்படியேதான் எழுதியிருந்தது. அடுத்ததிலும் அதுவே, அதற்கடுத்ததிலும் அதுவே. பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "நம்ம சார்ஜன்ட் மாதிரி" என்றார். அவர் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஆனால் வரைபடத்தை அவர் விடவில்லை. ஸ்டூடியோ நம்பரைக் கேட்டுக் கூப்பிட்டார். அக்கேதான் எடுத்தாள். அவள் குரல் போனுக்கு வெளியே கேட்டது. வங்கி விளம்பரத்தைச் சொன்னாள். "அந்த மல்லி ஒரு பக்கம் வெறுமையா இருந்தா விடவே மாட்டான், சேர்!"

தாள்களை நீட்டினார். "ஒங்க முதலாளி மாத்தயாவுக்கு வெள்ளைக் கடதாசி வாங்க வழியில்லையா?" என்று கேட்டார். "போ."

கொட்டாஞ்சேனைக்குப் போகாமல் வெள்ளவத்தைக்கே நடந்தேன். மாடியேறிப் போய் என் கதிரையில் உட்கார்ந்தேன். அக்கே பிளேன்ரீ கோப்பையை முன்னால் வைத்தாள். நான் குடித்து முடித்ததும், "மோடயா!" என்றாள். முட்டாள் என்கிற அந்த வசவு காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது! மிச்சமிருந்த வரைபடக் கட்டை அவள் கிழித்துப் போட்டபோதுகூட எனக்குக் கொஞ்சம் மனம் நோகத்தான் செய்தது.

பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், இது பால்மா விளம்பரப் படம் என்று அது எழுதும். புதிய வெள்ளைத் தாளைப் போட்டு மறுபடி அச்சடித்தேன். பதினொரு தாளின் பின்பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மடித்தேன்.