எக்ஸ்ரே படத்தில் கட்டிய நட்சத்திரம்

வேண்டாத சாமானில் அலங்காரம் செய்வதில் எங்கள் ஆம்பூர் தெருவில் எனக்குத்தான் பெயர். இந்தக் கிறிஸ்துமஸுக்கு, பீரோ மேல் கிடந்த பழைய எக்ஸ்ரே படங்களை வெட்டித் தைத்து, உள்ளே பல்பு வைத்து, வாசலில் நட்சத்திரம் கட்டினேன். பக்கத்து வீட்டு ஷகிலா, “இன்னா ஆயா, கடையில வாங்குனதா?” என்றாள். பூரித்துப்போனேன்.

மறுவாரம், ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் என் மருமகள் பீரோ மேல் துழாவினாள்.

“அத்தே, என் நெஞ்சு எக்ஸ்ரே எங்க? டாக்டர் எடுத்துட்டு வரச் சொன்னாரு.”

படங்கள் இருந்த கவரில் எழுதியிருந்தது இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இன்னொருவரைக் கேட்க என் கௌரவம் விடவில்லை. வெட்டிவிட்டிருந்தேன்.

நட்சத்திரத்தைப் பிரித்து, துண்டுகளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்குப் புதிதாக எடுத்த படத்தில், நுரையீரலில் ஒரு புள்ளி இருந்தது.

“பழசு முழுசா இருந்தா, இது வளந்துதா இல்லையான்னு இப்பவே சொல்லிருப்பேம்மா. இனி மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துத்தான் பாக்கணும்” என்றார் டாக்டர்.

இப்போது காலி அட்டைப்பெட்டி என்றாலும் மருமகளிடம் காட்டிக் கேட்ட பிறகே கத்திரியை எடுக்கிறேன்.

“இதுக்குமா அத்தே கேப்பீங்க?” என்று சிரிக்கிறாள். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிடுகிறது.