வராத செய்திக்கு அடித்த மணி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இருந்தா பாருங்க" என்று எழுந்து போகிற ஆள் நான். கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஏது பேய்? நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நீடாமங்கலம் பக்கம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற என் வயல்தான் கடைமடை. முறை வைத்துத்தான் தண்ணீர். எனக்கு மேல்வயல் அக்கா வீட்டுக்காரருடையது. அவர் பாய்ச்சி முடித்ததும் என் மடையைத் திறந்துவிட்டு, வாய்க்கால் வாட்ஸ்அப் குரூப்பில் 'கடைமடை திறந்தாச்சு' என்று போட வேண்டும், அதுதான் வழக்கம். அந்தக் குரூப்பில் நாள் முழுக்கக் காலை வணக்கமும் பூப்படமும் கொட்டுமே, அதனால் பைத்தான் மொழியில் ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி, குறிப்பிட்ட வார்த்தைப் பேட்டர்னை மட்டும் பிடிக்கிற ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்றை அதில் வைத்தேன். 'கடைமடை' என்று தொடங்கி 'திறந்தாச்சு' என்று முடிகிற செய்தி வந்தால் மட்டும் போனில் மணி அடிக்கும். வேறு எதையும் அது சீண்டாது.

அன்று பயிர் சூல் கட்டி நின்றது. தண்ணீர் தப்பினால் அத்தனையும் பதர். அத்தான் காலையிலேயே போன் செய்து, "நீ ஆபீஸ் வேலையப் பாரு மாப்ள, நான் இருக்கேன்ல" என்றார். அக்கா புருஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மதியம் மணி அடித்தது. குரூப்பைத் திறந்தால் புதுச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் ப்ரோக்ராம் பிடித்த வரி திரையில் நிற்கிறது, அத்தான் பெயரோடு: "உனக்கென்ன மாப்ள, கம்ப்யூட்டர் சோறு போடுது, எனக்கு இதான் சோறு."

நான் எழுதிய பேட்டர்னுக்கு இந்த வரி பொருந்தவே பொருந்தாது. வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் பறந்தேன். அத்தான் என் மடையில் வைக்கோலும் சேறும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். என் முறைத் தண்ணீர் அவர் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்திருந்த இன்னொரு வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தான் இது?" என்றேன்.

அவர் மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உனக்கென்ன மாப்ள, கம்ப்யூட்டர் சோறு போடுது, எனக்கு இதான் சோறு."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு எழுத்து மாறவில்லை. பாவி மனுஷன், பெண் கொடுத்த வீட்டுக்குச் செய்கிற காரியமா இது! அடைப்பை நானே வெட்டிவிட்டேன், பாதிப் பயிர்தான் தேறியது. அதே வரியை ப்ரோக்ராமில் எத்தனையோ தடவை கொடுத்துப் பார்த்துவிட்டேன், பொருந்தவில்லை என்றுதான் வருகிறது.

சரி, இந்தச் சனியன் பிடித்த ப்ரோக்ராமை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மறுபடி மணி. இந்தத் தடவை அக்கா பெயர்: "தெரியும்டா தம்பி, நான்தான் அடைக்கச் சொன்னேன்."

அக்கா இதுவரை அப்படி எதுவும் சொல்லவில்லை. எனக்காக அத்தானைத் திட்டுகிறாள், அழுகிறாள், மீன் குழம்பு வைத்தால் கொடுத்தனுப்புகிறாள். ஆனால் போனில் என்ன பேச்சு ஓடினாலும், அவள் "தெரியும்டா தம்பி" என்று ஆரம்பித்தால் போதும், சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.