தங்கையின் காருக்கு ஊற்றிய ஆயில்

எங்கள் தெருமுனை மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கெட்டி’ என்றால்தான் தெரியும். பழைய கார் எது வந்தாலும், கடையில் இருப்பதிலேயே கெட்டியான ஆயிலைத்தான் ஊற்றுவார்.

“வயசான இஞ்சின். உள்ள எல்லாம் தேஞ்சு இடைவெளி விழுந்திருக்கும். தண்ணி மாதிரி ஊத்தினா நிக்குமா? புகையாத்தான் போகும்.”

பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் வினையாகிப் போனது. வண்டியைப் பற்றி இன்னொருவரைக் கேட்கும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

அவருக்கு ஒரே தங்கை. அவள் கணவர் மருந்து விற்பனையாளர். தன் அப்பா ஓட்டிய பழைய காரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பவர். மச்சான் கடைப்பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோக மாட்டார். “உங்கண்ணனுக்கு வாய்தான் வேலை செய்யுது” என்று மனைவியிடம் சொல்வார். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து குறைந்துகொண்டே வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் கணவர் வெளியூர் போயிருந்தபோது, தங்கை தானே காரை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

“ஆயில் மாத்திக் குடுண்ணே. வண்டி நல்லா ஓடும்ல, அப்ப உன் பேரைச் சொல்றேன். அவரு வாயை அடைக்கணும்.”

“கொடு சாவிய.”

“அண்ணே, இத போன மாசம்தான் பிரிச்சு…”

“இஞ்சின் பத்தி எனக்கே பாடமா? டீ சொல்லட்டுமா, வேணாமா?”

அவள் சிரித்துவிட்டாள். சொல்ல வந்தது சிரிப்போடு போயிற்று. கெட்டி வழக்கமான ஆயிலை ஊற்றி, துடைத்துக் கொடுத்தார்.

கணவர் திரும்பிவந்த மறுநாள் காலை நல்ல குளிர். வண்டியைக் கிளப்பினார். டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. சூடேறினால் அணைந்துவிடும் என்று ஓட்டினார். நாற்சந்தி தாண்டுவதற்குள் இஞ்சின் தடதடத்து, இறுகி நின்றது. அதைப் பிரித்துப் பார்த்த வேறொரு மெக்கானிக், போன மாதம்தான் பிரித்து, இடைவெளியே இல்லாமல் இறுக்கிக் கட்டிய இஞ்சினுக்குள், குளிரில் இன்னும் தடித்துப்போன கெட்டி ஆயில் ஏறவே இல்லை என்று சொல்லிவிட்டார்.

தங்கை போனில் அழுதாள். கெட்டி முதலில் கேட்டது இதைத்தான்: “விளக்கு எரியுறப்ப எதுக்கு ஓட்டினாரு?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“வாங்க மச்சான். உக்காருங்க.”

“இஞ்சின நானே பிரிச்சுக் கட்டித் தர்றேன் மாப்பிள்ளை.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்? ஏற்கெனவே நல்லாக் கவனிச்சிட்டீங்க. இவதான் உங்க கைராசிய நம்பி எனக்குத் தெரியாம வந்தா. இனிமே எனக்குத் தெரியாம எங்கயும் போக மாட்டா.”

தேநீரை வைத்த தங்கை நிமிரவில்லை. வாசல்வரை மட்டும் கூட வந்தாள்.

“நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்லண்ணே?”

தப்புதான் என்ற ஒரு வார்த்தை போதும். அவள் அதற்காகத்தான் நின்றாள். கெட்டிக்கு அது தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது வேறு.

“சொல்றத முழுசாச் சொல்லணும்மா.”

அவள் கேட்டைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.


கெட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, வராந்தா விளக்கும் அணைந்துவிட்டது.