மாசிலாமணி அண்ணாச்சி தொங்கவிட்ட முன்னச்சு

செய்தி வந்தபோது நான் முடிதிருத்தும் கடையில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தேன். மீசையை எடுத்துவிட்டால் வயது குறைந்து தெரியும் என்பது என் மூத்த மகளின் யோசனை. வலது பக்கம் போய்விட்டது. இடது பக்கத்துக்குக் கத்தி வரும் நேரத்தில், வாடகை வேன் ஓட்டும் சுடலை வாசலில் வந்து நின்று, "மாசிலாமணி அண்ணாச்சி போயிட்டாவ" என்றான். கழுத்துத் துண்டோடு அப்படியே எழுந்து ஓடினேன்.

துக்க வீட்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கம் தாங்காமல் குனிகிறார்கள் என்றே நினைத்தேன். அண்ணாச்சியின் தம்பி மனைவி ராஜம்மாள்தான் அழுகைக்கு நடுவில் என்னைக் கூர்ந்து பார்த்து, "என்ன அண்ணே, ஒரு பக்கம் மட்டும் லோடு ஏத்திட்டு வந்திருக்கிய" என்றார். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் என் மகள் திருத்துவாள். மீசை விஷயத்தில் அவள் யோசனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்தக் காலத்தில் அஸ்ஸாம் பக்கம் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அண்ணாச்சி. ராஜபாளையம் சாலையில், வாடகை இடத்தில், ஒரு புளியமரத்தை ஒட்டிக் கொட்டகை போட்டார். பணிவு என்பது அவரிடம் கிடையாது. வண்டிக்காரன் வாயைத் திறக்குமுன், "நீரு சொல்லாதேயும், வண்டி சொல்லட்டும்" என்பார். திட்டினால் மாடுகூட விலகிப் போகும். அந்தச் சமயத்தில்தான் ராணுவம் கழித்த பிக்கப் வண்டிகள் ஏலத்தில் வந்தன. முன்னால் ரெண்டு பேர், பின்னால் திறந்த தட்டு. எங்களைப் போன்றவர்கள் ஆளுக்கொன்று எடுத்து, வற்றலும் பருத்தியும் ஏற்றினோம்.

அந்த வண்டிகளுக்கு ஒரு வியாதி இருந்தது. நேராகத்தான் போய்க்கொண்டிருக்கும். ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறும். உடனே ஸ்டியரிங் இடதும் வலதுமாகக் கையை உதறும், முன்பக்கம் முழுக்கக் குதிக்கும், வண்டி ஏறக்குறைய நின்றால்தான் அடங்கும். ஊரில் அதற்கு 'அருள் வருது' என்று பெயர் வைத்தார்கள். நானும் கோடங்கியிடம் போய் மந்திரித்து, பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டினேன். அடுத்த பள்ளத்தில் பழம் எகிறி விழுந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாலு நாள் கஞ்சிதான். வீட்டில் அமைதியாக இருந்தது என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

அண்ணாச்சி பழத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். அது அவருடைய வழக்கம். ஆட்டம் என்று வண்டி வந்தால், ஓட்டுகிறவனோடு போய், ஆட்டத்தைத் தானும் உடம்பில் வாங்கிக்கொள்ளாமல் ஸ்பேனரைத் தொட மாட்டார். முதலாளி வேறு, டிரைவர் வேறு என்றால் முதலாளியும் வந்தாக வேண்டும். "நோவு யாருக்குன்னு காசு குடுக்கிறவனுக்கும் தெரியணும்லா" என்பார்.

திரும்பி வந்ததும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்னை ஸ்டியரிங்கை இம்மி இம்மியாக இடம் வலம் ஆட்டச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்தார். "ரெண்டு இரும்பு சேர்ந்து போனா சரி. ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்திப் போனா அங்கனதான் கள்ளன் இருக்கான்." பிறகு ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அதற்குப் பிறகு டயர். மற்ற கொட்டகைகளில் ஸ்டியரிங் பெட்டியை முறுக்கி இறுக்கி அனுப்புவார்கள். ஆட்டம் நின்ற மாதிரி இருக்கும், பத்து நாளில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். என் வண்டியில் கள்ளன் நான் ஒட்டுப் போட்டிருந்த டயர். அதைப் பின்னால் மாற்றினார், அருள் இறங்கிவிட்டது.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். இறந்த வீட்டில் பழைய பகை எதற்கு என்றார்கள். பகையை விட்டுவிட்டு அண்ணாச்சியை எழுதினால் அது வேறு யாரோ.

அவருடைய தம்பி தங்கையா, எங்கள் ஊர் கமிஷன் கடை முதலாளி ஒருவரிடம் பிக்கப் ஓட்டினார். அந்த முதலாளியின் பெயரை எழுத மாட்டேன், பெயர் வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அவர் கடைக்கு நேர் எதிர் வீடு என்னுடையது. காலையில் கதவைத் திறந்தால் முதலில் அவர் முகம்தான். என் வீட்டு முகப்பில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டிய இரும்பு உத்தரத்துக்கு அடியில் நின்றபடி, தினமும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் காப்பி குடிக்கிறேன். சர்க்கரை எவ்வளவு போட்டாலும் போதவில்லை.

தங்கையா ஓட்டிய அந்த வண்டியின் முன்பக்கத்தில் பாரம் தாங்கும் வில்பட்டை உடைந்தது. முதலாளி அதை அண்ணாச்சியிடம் விடாமல், சல்லிசாக வேறெங்கோ மாற்றினார். அன்றிலிருந்து வண்டிக்கு ஆட்டம். தங்கையா போய்ப் போய்ச் சொன்னார். கடையில் பத்துப் பேர் இருக்கும்போது முதலாளி சொன்ன பதிலை நான் என் வாசலிலிருந்து கேட்டேன்: "ஆட்டம் வண்டிக்கு இல்லலே, உன் கைக்கு."

திருவேங்கடத்திலிருந்து பருத்திப் பொதி ஏற்றி வரும்போது, சின்னப் பாலத்துப் பள்ளத்தில் ஆட்டம் பிடித்து, வண்டி கரிசலில் உருண்டது. தங்கையா அங்கேயே போய்விட்டார். சாயங்காலத்துக்குள், டிரைவர் குடித்திருந்தான் என்று முதலாளி பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் அன்றுகூட ஒரு சொட்டுத் தொடாத மனுசன். நான் ஊரெல்லாம் மறுத்துச் சொன்னேன். என் பேச்சை என் பிள்ளைகளே கேட்பதில்லை, ஊர் எப்படிக் கேட்கும்? ராஜம்மாள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் 'குடிகாரன் பெண்டாட்டி' ஆனார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மக்கள் ஆனார்கள்.

உடைந்த வண்டியைப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். முதலாளி காட்டவில்லை. அவசரமாகச் சிவகிரிப் பக்கம் ஒரு பழைய இரும்புக்காரனுக்கு விற்றுவிட்டார். அண்ணாச்சி தேடிப் போய், முன்சக்கரங்களைத் தாங்கும் முன்னச்சை மட்டும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வில்பட்டை இன்னும் அதில் போல்ட்டோடு கவ்விக்கொண்டு இருந்தது. இறக்கும்போது அதன் நுனி என் காலில் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு இரும்புத் துண்டு வைப்பார்கள். அதன் தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும். இதில் முன்னால் இருந்தது. எனக்கு விளங்கவில்லை. என் சைக்கிளைக் காட்டினார். "முன் போர்க்கு சாய்ஞ்சிருக்கதாலதான் கையை விட்டாலும் நேரா போவுது. அந்தச் சாய்வை எடுத்துட்டா சக்கரத்துக்கு வழி தெரியாது, தட்டழியும். இந்த ஆப்பைத் திருப்பி வச்சவன் என் தம்பிக்கு வழியை எடுத்துட்டான் வே."

அன்றே அந்த அச்சைச் சங்கிலி போட்டுப் புளியமரக் கிளையில், சாலையைப் பார்க்கத் தொங்கவிட்டார். ஆப்பின் தடித்த பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். வருகிற வண்டிக்காரன் ஒவ்வொருவனையும் அதன் அடியில் நிறுத்தி, தங்கையா எப்படிச் செத்தார் என்று சொன்ன பிறகுதான் வேலை. எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கெல்லாம் அது பாடமானது. 'குடிகாரன்' என்ற சொல் அவர்களிடையே மெல்ல மெல்ல ஓய்ந்தது. முதலாளி அந்தச் சாலையை விட்டுவிட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தார். பாதிரியார் வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசியபோது அண்ணாச்சி சொன்னது: "அவரு கேக்கட்டும் ஐயரே, குடுக்கேன். கேக்காதவனுக்கு எப்படிக் குடுக்க?"

பிறகு முதலாளி வேறொரு பிக்கப் வாங்கினார். அதற்கும் ஆட்டம் வந்தது. பல கொட்டகை ஏறி இறங்கியும் தீரவில்லை. கடைசியில் டிரைவரிடம் வண்டியைக் கொடுத்து அண்ணாச்சியிடம் அனுப்பினார். "டிரைவர் கை சொன்னா நம்பாத ஆளுல்லா. அவரே வந்து பிடிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார் அண்ணாச்சி. பருத்திக் காலம், வேறு வழியில்லாமல் முதலாளி வந்தார். தொங்கும் அச்சைப் பார்க்காமல் நடக்க முயன்று, அதில் தலையை இடித்துக்கொண்டார். எனக்கு அது போதும் என்றிருந்தது. அண்ணாச்சிக்குப் போதவில்லை.

முதலாளி ஸ்டியரிங்கில், அண்ணாச்சி பக்கத்தில், நான் பின் தட்டில் மூட்டையோடு மூட்டையாக. என்னை யாரும் அழைக்கவில்லை. பார்க்காமல் விட முடியவில்லை, ஏறிக்கொண்டேன். திருவேங்கடம் சாலை, அதே சின்னப் பாலம். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வண்டிக்கு வெறி பிடித்தது. முதலாளி அம்மாவைக் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். அண்ணாச்சியின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது: "பிரேக்கை மிதிக்காதேயும். ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடும். ஸ்டியரிங் வளையத்தை விட்டுராதேயும்."

வண்டி நின்றது. முதலாளியின் கைகள் மடியில் கிடந்து உதறின. அண்ணாச்சி அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முதலாளி, இன்னைக்குக் குடிச்சிருக்கீரா?"

அவர் முகத்தைப் பாலத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கேக்கேம்லா. குடிச்சிருக்கீரா?"

"இல்ல."

"பின்ன ஏன் வே கை ஆடுது?"

அப்போதாவது ஒரு வார்த்தை வரும், தங்கையா குடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார் என்று மூட்டைகளுக்கு நடுவில் காத்திருந்தேன். வரவில்லை.

பழுது பார்க்காமல் அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றே அடியில் படுத்தார். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பியின் முனை தேய்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். "ஓட்டப் போறது அவரா? எவனோ ஒரு தங்கையா" என்றார். பிறகு மரத்தைக் காட்டினார். "அவருக்குள்ளது அங்கன தொங்குது. அவரு வாயால சொல்லுத வரைக்கும் இறக்கக் கூடாது. நான் செத்தாலும்." ராஜம்மாளும் அப்போது அங்கே நின்றார். சரி என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஊரின் எல்லா வண்டியும் வந்தது. முதலாளியும் வந்தார், இருக்கிற மாலையிலெல்லாம் பெரிய மாலையோடு. குழி மூடியதும் என்னைத் தனியே அழைத்தார். கொட்டகை இடத்தைத் தான் வாங்கிவிட்டதாகச் சொன்னார். "அந்த இரும்பை இனி அங்கன இருந்து எடுத்துரணும் வே. நல்லாவா இருக்கு?"

போய் வாருங்கள், அண்ணாச்சி. தம்பியைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள், அவருடைய பெயர் இங்கே டிரைவர்கள் நடுவில் சுத்தமாக இருக்கிறது. சொல்ல வேண்டியவர் மட்டும் இன்னும் பாக்கி.

முதலாளிக்கு நான் பணிவாகவே பதில் சொன்னேன். பாதி மீசையோடு வேறெப்படிச் சொல்வது? "நாளைக்கே எடுத்துருதேன் முதலாளி" என்றேன். அவர் முகத்தில் எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு நிம்மதி வந்தது. என் வீட்டு முகப்பின் ஊஞ்சல் உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.