ரெண்டு மருந்து கண்ட தலை

சலூன் தொழிலில் கத்தரிக்கோலுக்கு முன்னால் சந்தேகத்தைத்தான் சாணை பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பண்டாரவளையில் பெண்களுக்கான சலூன் நடத்தும் எனக்கு இது தெரியும். என்னைப் போல அடுத்தவர் தலையில் கை வைத்துப் பிழைக்கும் உங்களுக்கும் தெரியும். முன்னால் என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டு, முதல் தடவையே உண்மை சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

தங்கச்சி கைமருந்து

அப்புத்தளைக் கடைக்காரர் ஒருவரின் மனைவி முடியை நேராக்க வந்தார். இதுவரை ஒன்றுமே போட்டதில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார். கேட்காமலே சத்தியம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. பின்கழுத்துப் பக்கம் சிறு கற்றையை வெட்டி, மருந்தில் ஊற வைத்து இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி நீண்டு பட்டென்று அறுந்தது. வேறு வகை மருந்து ஒன்று அங்கே ஏற்கெனவே குடியிருந்தது. முழுத்தலைக்கும் போட்டிருந்தால் நான் முடியைக் கூட்டி அள்ளியிருப்பேன், அவர் புருஷன் என்னை அள்ளியிருப்பார்.

அறுந்ததைக் கையில் கொடுத்து மறுபடி கேட்டேன். பெட்டியில் வருவதை வாங்கி வீட்டில் போட்டதாக ஒப்புக்கொண்டார். முகத்தில் வெட்கம் துளியும் இல்லை.

"அது எப்படிங்க மருந்தாகும்? எந்தங்கச்சிதானே போட்டுவிட்டா."

மருந்து போடாத சலூன்

ஸ்டெல்லா என்ற பெண் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தன் அம்மாவோடு வந்தாள். கொழும்பில் கார்மென்ட்ஸில் வேலை செய்த காலத்தில் முடியை நேராக்கியிருந்தாள். இப்போது சர்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளை பண்டாரவளை மரக்கறிக் கடை வீடு. தலையில் முக்காடாகப் போடும் வெள்ளை நெட்டுக்குக் கீழே சுருள் சுருளாக முடி தொங்க வேண்டும் என்று ஆசை.

நேராக்கும் மருந்தும் சுருட்டும் மருந்தும் சக்களத்திகள், ஒரே முடியில் குடித்தனம் பண்ணாது. வேர்ப்பக்கம் புதிதாக முளைத்த சுருட்டை, நுனிப்பக்கம் மருந்து பட்ட நேர்முடி. இரண்டும் சேருகிற இடம்தான் முதலில் ஒடியும். நான் மருந்தைத் தொடவே மாட்டேன் என்றேன். நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வருவோம், அகலப்பல் சீப்பால் கீழிருந்து சிக்கெடு, இறுக்கிக் கட்டாதே, அயன் பிடிக்காதே, கல்யாணத்துக்குத் துணி வைத்துச் சுருட்டித் தருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அம்மாதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலை தெரியாமல் சமாளிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஊசி போடாத டாக்டரும் மருந்து போடாத சலூனும் எனக்குப் புதுசுங்க."

உச்சியில் ஒரு கோடு

அடுத்த தடவை வந்தபோது அவள் உச்சந்தலையில், குறுக்கே ஒரு கோடாக முடி ஒடிந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்தில் எல்லாரும் பார்க்கிற இடம் அது, கெட்ட பேர் எனக்குத்தான் வரும். பக்கத்துத் தெரு சலூனைச் சந்தேகப்பட்டேன். களவாக அயன் பிடித்தாளோ என்று சந்தேகப்பட்டேன். மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக்கூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றாள்.

விசாரணைக்கு நடுவே அவள் அம்மாவின் தலைத்துணி சரிந்தது. அதே இடத்தில் அதே கோடு. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுத்துகிற இடம். விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. கல்யாணச் செலவுக்காகக் கொஞ்ச நாளாக ஸ்டெல்லா தோட்டத்தில் கைக்காசுக்கு, அதாவது அன்றாடக் கூலிக்கு, கொழுந்து எடுக்கப் போகிறாள். கொழுந்து எடுக்கிற பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், வீட்டிலிருந்து தைக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். இதை ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன்.

"நீங்க மருந்தப் பத்தித்தானேக்கா கேட்டீங்க. வேலையப் பத்திக் கேக்கலியே."

மாமியார் தனியாக வந்தார்

கயிற்றுக்குக் கீழே வழுவழுப்பான துணியை மடித்து வைக்கச் சொல்லி அனுப்பினேன். ஒடிவது குறைந்தது, கோடு மறையவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து நின்றார். கருகருவென்ற முடி, பெரிய கொண்டை. மருமகள் தலையில் ஒரு கோடு பார்த்தேனே, அது என்ன என்று கேட்டார். முன்னால் போட்ட மருந்தின் கோளாறு என்றேன். எல்லார் பொய்யையும் கண்டுபிடிக்கிற எனக்கு ஒரு பொய் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஊசிகளைக் கழற்றினார். கொண்டை அப்படியே கையோடு வந்தது, அது சவுரி. உச்சந்தலையில் குறுக்கே முடியே முளைக்காத பளபளப்பான ஒரு கோடு. டவுனுக்குக் கல்யாணம் முடித்து வருவதற்கு முன் அவரும் கூடை சுமந்தவர். சவுரியைத் திரும்ப வைத்துக் குத்திவிட்டேன். மருமகளின் நெட்டைக் கோட்டுக்கு முன்னால் இழுத்துக் குத்தும்படி சொல்லிவிட்டு எழுந்தவர், கதவருகே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"மகனுக்குத் தெரிய வேணாம் தங்கச்சி. தெரிஞ்சா, அம்மா தலையையும் ஒருக்கா உத்துப் பாப்பான்."

ஆகவே சந்தேகப்படுவதை விட்டுவிடாதீர்கள், கண்டுபிடித்ததை மட்டும் சீப்போடு சேர்த்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிடுங்கள்.