ஆறை அரையால் வகுத்தால்

கல்யாணமாகி நான்காம் வருஷம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ் வீட்டில் வைத்து என் வீட்டுக்காரர் ஒரு சிலேட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் ஆறு, வகுத்தல் குறி, அரை. பக்கத்தில் புத்தகத்தைப் பார்த்து எழுதிய விடை, பன்னிரண்டு.

"இது எப்படி?" என்றார். குரலில் கோபம்.

"சரியாத்தானே இருக்கு."

"வகுத்தா கொறையணும். இங்க ரெண்டு மடங்கா ஆகியிருக்கு. இது கணக்கா, கண்கட்டு வித்தையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிள்ளானில் மிஷன் பெண்கள் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். கணக்கில் முதல் பரிசாகப் பூ வேலை செய்த கைக்குட்டை வாங்கியவள். அந்தப் பெருமையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "பின்னத்தால வகுக்கணும்னா அதைத் தலைகீழாத் திருப்பிப் போட்டுப் பெருக்கணும். அவ்வளவுதான்" என்றேன்.

"ஏன் திருப்பணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை கணக்கு போட்டிருப்பேன்! டீச்சர் திருப்பு என்றார், திருப்பினோம். நாற்பது பெண்கள் இருந்த வகுப்பில் ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீச்சருக்கே தெரிந்திருக்குமா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். படித்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கேள்வியில் பொலபொலவென்று உதிர்ந்தது.

அவர் அப்போது பாயிண்ட்ஸ்மேன். ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் லீவரை இழுத்துத் திருப்பிவிடுகிற வேலை. ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடி காட்டிப் போகிற கார்டு ஆவதற்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். மூன்று தடவைதான் எழுதலாம், இரண்டு தடவை கணக்கில் போயிற்று. இந்த முறையும் போனால் பகாங் பக்கம் காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கார்டு ஆகிவிட்டால் கோலாலம்பூரிலேயே இருக்கலாம்.

அப்படி ஒரு காட்டு ஸ்டேஷனில் நாங்கள் முன்பே இருந்திருக்கிறோம். எங்கள் மூத்த பெண்ணுக்கு எட்டு மாதம், குளிர்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரயிலுக்காகக் காத்திருந்தோம். ரயில் வருவதற்குள் அவள் போய்விட்டாள். இப்போது மறுபடியும் நான் உண்டாகியிருந்தேன். இந்தப் பிள்ளையை அங்கே பெறமாட்டேன் என்று அவரிடமும் சொன்னேன், கும்பிட்ட சாமியிடமெல்லாம் சொன்னேன். அந்தச் சிலேட்டில் இருந்தது என் பிள்ளையின் உயிர் என்றுதான் எனக்குப் பட்டது.

மற்ற கணக்கெல்லாம் அவருக்குக் கற்பூரம். கூட்டல், கழித்தல் எல்லாம் என்னைவிட வேகமாகப் போடுவார். பாதியில் பாதி கால் என்பதையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். இந்த ஒன்றில் மட்டும் வண்டி நின்றுவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் ரொட்டி விற்க வந்த பாயிடம் சின்ன ரொட்டியாக ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டித் தட்டில் பரப்பினேன்.

"எண்ணுங்க."

"பன்னெண்டு துண்டு."

"பாத்தீங்களா? ஆறை அரையால வகுத்தா பன்னெண்டு."

அவர் பொறுமையாக இரண்டிரண்டு துண்டாக எடுத்து ஒட்ட வைத்தார். "இப்ப எண்ணு. ஆறு ரொட்டிதான் இருக்கு. நீ வெட்டினதால ரொட்டி பெருகிடுச்சா? பன்னெண்டு ரொட்டி எங்க?"

அவர் கேட்டது நியாயம். பதில் எங்கோ நாக்கு நுனியில் நிற்கிறது, ஆனால் சொல்லாக வரமாட்டேன் என்கிறது. என் பொறுமை போய்விட்டது.

"ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க! திருப்பிப் போட்டுப் பெருக்குங்க. பேப்பர் திருத்துற துரைக்கு அதுதான் வேணும்."

"லைன் சரியா இருக்கான்னு கண்ணால பாக்காம நான் ஒரு நாளும் லீவரை இழுத்ததில்ல. புரியாததை எப்படி எழுதுறது?"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று திட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பரீட்சைக்கு முதல்நாள் வரை இதே சண்டைதான். கடைசியில், "சரி, பன்னெண்டுன்னே எழுதறேன், போதுமா?" என்றார். போதும் என்றேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

பரீட்சை முடிந்து மத்தியானம் வந்தார். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அந்த அரைக் கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. அதே ஆறு, அதே அரை."

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "பன்னெண்டுதானே எழுதினீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "மூணு."

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"பன்னெண்டுன்னு எழுதத்தான் போனேன்" என்றார். "ஆறை அரையாக்கினா மூணுதானே வரும்? கண்ணு பாக்க எப்படித் தப்பா எழுதுறது? கை ஒத்துக்கல புள்ள."

வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மூன்று கால் முயலை எங்கே பிடித்தீர்கள், அதற்கு லாடம் அடித்தீர்களா என்றுகூடக் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். நான் மூச்சு வாங்க நின்றபோது, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "மத்ததெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கேன். அதுக்குக் கீழயே ஒரு கொடிக் கணக்கு, ஊதித் தள்ளிட்டேன்" என்றார்.

"என்ன கொடிக் கணக்கு?"

"ஆறு கெஜம் செவப்புத் துணி இருக்கு. கார்டு புடிக்கிற கொடி ஒண்ணுக்கு அரை கெஜம். மொத்தம் எத்தன கொடி வெட்டலாம்? பச்சப்புள்ள கூடச் சொல்லும். பன்னெண்டு."

அவருக்குக் கொடுக்கத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். செம்பு கையிலிருந்து நழுவிப் பானைக்குள் விழுந்தது.

துணி பெருகவில்லை. ஆறு கெஜம் ஆறு கெஜமாகவே கிடக்கிறது. பன்னிரண்டு என்பது கெஜம் அல்ல, கொடி. ஆறுக்குள் எத்தனை அரை அடங்கும் என்பதுதான் கேள்வி. ஒரு கெஜத்துக்குள் இரண்டு அரை இருக்கிறது, அதனால் ஆறை இரண்டால் பெருக்குகிறோம். அதற்காகத்தான் அரையைத் திருப்பிப் போடுகிறோம்! இத்தனை வருஷம் தெரியாமல் மனப்பாடம் செய்தது, அவர் கேட்டபோதெல்லாம் என் நாக்கில் வராதது, எல்லாம் முடிந்துபோன பிறகு ஒரே நொடியில் விளங்கியது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் செம்பைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"அது ரெண்டும் ஒரே கணக்குங்க" என்றேன்.

"எது ரெண்டும்?"

சொன்னேன். மேலே எண்ணாக இருந்ததுதான் கீழே துணியாக இருந்தது என்று மெல்ல மெல்லச் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தார். பாதியாக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன்.

"அப்ப எனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே தப்பா எழுதியிருக்கேன்."

தரையில் கிடந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டேன்.

சட்டென்று எழுந்து செருப்பை மாட்டினார். "பேப்பரை இன்னும் அனுப்பியிருக்கமாட்டாங்க. போய்ச் சொல்றேன். எனக்கு இது தெரியும்னு சொன்னாப் போதும்ல? மூணை அடிச்சிட்டுப் பன்னெண்டு போட விடுவாங்கல்ல?"

பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தடுக்கவில்லை. வெயிலில் அவர் ஓடுவதை வாசலில் நின்று பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நேரில் போய்ச் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள் என்று நானும் நம்பினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். துரையைப் பார்க்க விடவில்லையாம். பரீட்சை அறையில் இருந்த கிராணி மட்டும் ஆபீஸ் வாசலுக்கு வந்தாராம். அந்தக் கிராணி முன்னால் இவர் துண்டை மடித்து மடித்துக் காட்டி, ஏன் திருப்புகிறோம் என்பது வரை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"நான் வெளக்கினது ரொம்பச் சரின்னு சொன்னாரு" என்றார். ஒரு கணம் அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகம் போல மலர்ந்தது. "பேப்பர்ல உள்ளது உள்ளதுதான்னும் சொன்னாரு." வாசற்படியில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

அந்த ஒரு கணக்கின் மார்க் குறைந்து பரீட்சையில் தேறவில்லை. மாற்றல் உத்தரவு வந்தது, பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு ரயிலேறினோம். பிள்ளையை அந்தக் காட்டில்தான் பெற்றேன். பையன். அவனுக்குக் காய்ச்சல் அடித்த இரவுகளில் நான் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் எங்கள் பக்கம் திரும்பவே மாட்டார். ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். "நீயே பாரு. மூணுன்னு எழுதின கை இது. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.