அதிரும் மைதானத்தில் சிவமலர்

சிவமலரும் நானும் லண்டனில் ஒரே கவுன்சில் அலுவலகத்தில், வாடகைப் பிரிவில் வேலை பார்த்தோம். வெம்பிளியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவளுடைய வீடு. காலையில் என் காரில்தான் இருவரும் போவோம். உயரமான பெண். நடையிலும் அவசரம் இல்லை, பேச்சிலும் இல்லை. வாடகைக்காரர் யாராவது வந்து சத்தம் போட்டால் எங்கள் மேலாளர் அவளைத்தான் முன்னுக்கு அனுப்புவார். அவள் குரலை உயர்த்தாமலே அந்த ஆளைக் கதிரையில் இருத்திவிடுவாள்.

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் நியூ ஜெர்சியிலிருந்து அவளுடைய தம்பி வந்திருந்தான். அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பெரிய தட்டைப் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே ஒரு சாப்பாட்டு மேசையின் பாதி அளவுக்குத் தகரப் பலகை. பச்சை பூசி வெள்ளைக் கோடு போட்ட அமெரிக்கன் புட்போல் மைதானம் அது. கூடவே சுண்டுவிரல் உயரத்துக்கு பிளாஸ்டிக் வீரர்கள், பக்கத்துக்குப் பதினொரு பேர். ஒவ்வொருவனும் ஒரு சின்ன அடித்தட்டில் நின்றான். அந்தத் தட்டின் கீழே, பல் துலக்கும் பிரஷ்ஷின் நார் மாதிரி மெல்லிய கால்கள்.

சுவிட்சைப் போட்டால் பலகை அதிரும். அந்த அதிர்வில் வீரர்கள் தாமாகவே நகர்வார்கள். பந்து என்பது ஒரு பஞ்சுத் துணுக்கு. அதை வைத்திருப்பவனை எதிர்ப்பக்கத்து வீரன் தொட்டுவிட்டால் சுவிட்சை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆட்களை மறுபடி அடுக்கித் தொடங்க வேண்டும். எல்லைக் கோட்டைத் தாண்டினால் புள்ளி. ஓடத் தொடங்கிய பிறகு ஆட்டக்காரர் கை வைக்கக் கூடாது. யாரை எங்கே நிறுத்துவது, யாருடைய காலை எப்படித் திருத்துவது என்பதெல்லாம் அதற்கு முன்னமே முடிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கச் சாமானை இங்கத்தைய கரண்டில் நேரே செருகினால் கருகிவிடும். சிவமலரின் கணவர் பரமேஸ்வரன் ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீசியன். டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டுக்குப் போய் ஒரு டிரான்ஸ்போமர் வாங்கி வந்து பொருத்தினார். எல்லோரும் சுற்றிவர நிற்க, சுவிட்சைப் போட்டார்கள். சவரம் செய்யும் மெஷின் பத்தைச் சேர்த்து இயக்கினது மாதிரிச் சத்தம். இருபத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றினார்கள். சிலர் தங்கள் பக்கக் கோட்டை நோக்கியே ஓடினார்கள். பிள்ளைகள் வயிறு நோகச் சிரித்தார்கள். ஒரு கிழமையில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

சிவமலருக்கு அலுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவள் பலகையை மேசையில் வைத்து, ஒரேயொரு வீரனை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சை பாரும் வத்சலா. மற்ற எல்லாரும் சுத்துறாங்கள். இவன் மட்டும் ஏன் நேரை போறான்?"

"அது அவன்ரை குணமாக்கும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவனைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு சுற்றுகிற ஒருவனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புருவம் திருத்தும் சாவணத்தை எடுத்து வந்து, அந்த இரண்டாமவனின் ஒரு காலை மெல்ல வளைத்தாள். பலகையில் விட்டாள். அவன் முன்னைவிட மோசமாகச் சுற்றினான். மற்றப் பக்கம் வளைத்தாள். சுற்று அகன்றது. மறுபடி தொட்டாள். நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அவன் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு கிழித்தது போலப் போனான். அவள் முகத்தை அப்போதுதான் கவனித்தேன். அலுவலகத்தில் நான் ஒருநாளும் காணாத முகம்.

அதன் பிறகு அவளுடைய ஞாயிறுகள் மாறின. டிவியில், சனல் ஃபோரில், அமெரிக்கன் புட்போல் போகும். அதைப் பார்த்து விளையாட்டின் சட்டங்களை அறிந்துகொண்டாள். குசினியில் ஒரு கோப்பை வெந்நீர், ஒரு கோப்பை குளிர்நீர். அடித்தட்டை வெந்நீரில் வைத்து, கால்கள் இளகியதும் வளைத்து, குளிர்நீரில் போட்டு இறுக்குவாள். வேகமாக ஓடுபவனுக்குத் தள்ளும் பலம் குறைவு, பலமாகத் தள்ளுபவன் ஆமை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பாள். பெட்டியோடு வந்த குறிப்பில் சொன்னபடி திருத்தினால் ஏன் சரிவரவில்லை என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பரமேஸ்வரன் பேப்பரிலிருந்து தலை நிமிராமலே பதில் சொன்னார்.

"டிரான்ஸ்போமர் வோல்டேஜைத்தான் குறைக்கும். துடிப்பை மாத்தாது. அங்கை செக்கனுக்கு அறுபது தரம் துடிக்கும், இஞ்சை அம்பது. பலகை அதிருறதே வேறை மாதிரி."

"இதை ஏனப்பா நீங்கள் முதலே சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

குறிப்பை அவள் அன்றோடு மடித்து வைத்துவிட்டாள். இங்கத்தைய அதிர்வுக்கு இங்கேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வீரர்களுக்குப் பெயரும் வைத்தாள், எல்லாம் ரயில் நிலையங்களின் பெயர். அசையாமல் நின்று தடுப்பவன் நீஸ்டன். வளைந்து போகிறவன் ரெய்னர்ஸ் லேன். அவளுடைய மிகச் சிறந்த ஓட்டக்காரன் ஃபின்ச்லி ரோட்.

"மெட்ரோபோலிட்டன் லைன் ரயில் மாதிரி" என்று விளக்கம் சொன்னாள். "வெம்பிளி பார்க்கிலை வெளிக்கிட்டா ஃபின்ச்லி ரோட் வரைக்கும் நடுவிலை ஓரிடத்திலும் நிக்கமாட்டான்."

சனங்கள் கதைக்காமல் இல்லை. கோயிலில் ஒருத்தி என்னிடம், "சிவமலர் பிள்ளையளின்ரை சாமானை வைச்சு விளையாடுறாவாம், மெய்யே?" என்று கேட்டாள். நான் அதைச் சிவமலரிடம் சொன்னேன். "ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான்.

வீரர்களுக்குப் பூச வர்ணம் வாங்கப் போன கடையில், ஹாரோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை இதே விளையாட்டுக்குச் சிலர் கூடுவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தது. என்னை அழைத்துக்கொண்டு போனாள். ஏழெட்டு ஆண்கள், எல்லோரும் வெள்ளைக்காரர். சங்கத்தை நடத்திய கொலின் என்ற பஸ் சாரதி எழுந்து வந்து, மகனைக் கூட்டிப்போக வந்தீர்களா என்று பணிவாகக் கேட்டார்.

"எனக்கு மகன் இல்லை. நான் விளையாட வந்தேன்" என்று சிவமலர் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அன்று விளையாடிய ஆட்டமெல்லாம் தோற்றாள். அவளுடைய ஆட்கள் நேராக ஓடினார்கள், ஆனால் அவர்களை அடுக்கத் தெரியவில்லை. கொலின் தன் தடுப்பாட்களை ஓர் ஆப்பு வடிவில் நிறுத்தி, அவளுடைய அணியை நடுவால் பிளந்துகொண்டு போனார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்த ஆப்பைப் பற்றியே பேசினாள். அடுத்த மாதம் அந்த ஆப்பைப் பக்கவாட்டிலிருந்து திருப்பிவிட, வளைந்தோடும் இரண்டு பேரைத் தயார் செய்துகொண்டு போனாள். ஒன்றரை வருடத்தில் அந்த மண்டபத்தில் அவளிடம் தோற்காதவர் ஒருவரும் இல்லை. 'சிவா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தன் வீரனின் காலில் கோளாறு என்றால் கொலின்கூட அவளிடம்தான் நீட்டுவார்.

வருடத்துக்கு ஒருமுறை சங்கம் வெற்றிக் கிண்ணப் போட்டி நடத்தும். தொண்ணூறாம் ஆண்டுப் போட்டிக்கு பர்மிங்ஹாமிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கிண்ணம் சிவாவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பரமேஸ்வரனும் முதல் தடவையாக ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் சுற்றில் அவளுக்கு எதிராளியாக வந்தவர் வால்டர் என்ற அமெரிக்கர். ஒகையோவிலிருந்து வேலை விஷயமாக லண்டனுக்கு வந்தவர், போட்டியைக் கேள்விப்பட்டு, ஊரிலிருந்து தன் வீரர்களை மட்டும் ஒரு பெட்டியில் வரவழைத்திருந்தார். என்ன அழகான வீரர்கள். சட்டை இலக்கம்கூடக் கையால் எழுதியிருந்தது. நம்மவள் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். வேலை தெரிந்தவர் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

சுவிட்சைப் போட்டார்கள். வால்டரின் வீரர்கள் சுற்றத் தொடங்கினார்கள். ஒருவன் தயங்கி நின்றான், இன்னொருவன் பின்னால் போனான். ஃபின்ச்லி ரோட் யாரும் தொடாமல் எல்லைக் கோட்டைத் தாண்டினான். அடுத்த தடவையும் அதேதான். வால்டரின் காது சிவந்துவிட்டது. பெட்டியிலிருந்து வேறு ஆட்களை எடுத்து வைத்தார். அவர்களும் சுற்றினார்கள்.

மூன்றாவது தடவை சுவிட்சில் கை வைத்த சிவமலர் கையை எடுத்துவிட்டாள். கொலினைக் கூப்பிட்டாள்.

"இந்த ஆட்டத்தை நிறுத்த வேண்டும். இவருடைய ஆட்களில் பிழை இல்லை. அவர்கள் இன்னொரு கரண்டுக்குப் பழகியவர்கள். இந்தப் பலகையில் கால்களைத் திருத்த இவருக்கு நேரம் கொடுங்கள். பிறகு முதலிலிருந்து ஆடுகிறோம்."

சட்டத்தில் அப்படி இடமில்லை என்றார் கொலின். "எதிராளியான நானே சம்மதித்தால் இடம் உண்டா?" என்று கேட்டாள். கொலின் மற்றவர்களோடு கூடிப் பேசிவிட்டு வந்து, ஒரு மணித்தியாலம் தரலாம் என்றார்.

பரமேஸ்வரன் அவளை மண்டபத்தின் ஓரத்துக்கு அழைத்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"உமக்கென்ன விசரே? ரெண்டு தரம் கோட்டைத் தாண்டியாச்சு. அதையும் அழிச்சுப்போட்டு முதலிலை இருந்தோ?"

"நிண்ட இடத்திலை சுத்துற ஆக்களை அடிச்சுப்போட்டு, நான் வெண்டனான் எண்டு எப்பிடியப்பா சொல்லுறது?"

"சட்டப்படி நீர்தானே வெண்டது?"

"சட்டத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

வால்டரிடம் போய், இங்கே ஐம்பது துடிப்பு, அங்கே அறுபது என்பதை விளங்கப்படுத்தினாள். எந்தப் பக்கத்துக் கால்களைக் கூட வளைக்க வேண்டும் என்று ஒருவனைத் திருத்திக் காட்டினாள். மிச்சத்தை அவர் தானே செய்தார். அவருடைய விரல்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் தன் சாண்ட்விச்சைச் சாப்பிட்டாள்.

பிறகு நடந்த ஆட்டம் மாதிரி ஒன்றை அந்த மண்டபம் அதுவரை பார்க்கவில்லை. மற்ற மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். வால்டரின் தடுப்பாட்கள் சுவராக நின்றார்கள். ஃபின்ச்லி ரோட் அந்தச் சுவரில் மோதி மோதி நின்றான். அவள் ரெய்னர்ஸ் லேனிடம் பந்தைக் கொடுத்து வெளிப்பக்கமாக வளைத்து விட்டாள், அவன் கோட்டைத் தாண்டினான். வால்டரின் ஆளும் பதிலுக்குத் தாண்டினான். கடைசித் தடவை சுவிட்சைப் போட்டபோது, வால்டரின் ஓட்டக்காரன் நீஸ்டனின் தோளில் படாமல் மயிரிழையில் தப்பிப் போய்க் கோட்டைத் தாண்டினான். சிவமலர் தோற்றாள். முதல் சுற்றிலேயே வெளியே.

வால்டர் இரண்டு கையாலும் அவளுடைய கையைப் பிடித்தார். "என் ஊரில் யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள், அம்மணி" என்றார். "உங்கள் ஊரில் எனக்கு நீங்கள் செய்திருப்பீர்கள்" என்றாள் அவள்.

காரில் பரமேஸ்வரன் பின்சீட்டில் பலகையை அணைத்துக்கொண்டு வந்தார். அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நான் காரை ஓட்டினேன். கென்டன் ஸ்டேஷனைத் தாண்டும்போது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவரின்ரை தடுப்பாக்கள் நிண்ட நிலையைப் பாத்தனீரே வத்சலா? பின்னங்காலைத்தான் கூட இறக்கியிருக்கிறார். நான் இவ்வளவு நாளும் முன்னங்காலையெல்லோ பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவள் குரலில் இருந்தது சந்தோஷம். பின்சீட்டிலிருந்து பரமேஸ்வரன் சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல் நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வருடம் சங்கம் தன் சட்டத்தைத் திருத்தியது. வெளியிலிருந்து வருகிற எந்த ஆட்டக்காரருக்கும், போட்டி தொடங்குமுன் அந்தப் பலகையில் தன் வீரர்களைத் திருத்த ஒரு மணித்தியாலம் உண்டு. 'சிவாவின் மணித்தியாலம்' என்று கொலின் அதற்குப் பெயர் வைத்தார். லீட்ஸ்காரர்களும் அதைத் தங்கள் போட்டியில் எடுத்துக்கொண்டார்கள். அவள் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த மணித்தியாலத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

அந்த வருடக் கிண்ணம் அவளுக்கு. இறுதி ஆட்டத்தில் கொலின் தன் பழைய ஆப்பை நிறுத்தினார். பின்னங்கால் இறக்கிய நீஸ்டன் அதை நடுவில் தாங்கி நிற்க, ஆப்பு தானே இரண்டாகப் பிரிந்தது. அடுத்த தடவை ஃபின்ச்லி ரோட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, எதிர்ப்பக்கத்தில் ஒருவனும் தொடாமல் ஓடினான். கொலின்தான் முதலில் கைதட்டினார். தொண்ணூற்று மூன்றிலும் தொண்ணூற்று நாலிலும் அவளே வென்றாள்.

அதற்கடுத்த வருடம் ஒரு கல்யாண வீட்டில், பரமேஸ்வரனின் பழைய சிநேகிதர் குலசேகரம் எங்கள் மேசைக்கு வந்து அமர்ந்தார். கனடாவிலிருந்து வந்திருந்தவர்.

"அப்ப உம்முடைய மனுசி என்ன செய்யிறா?" என்று கேட்டார்.

கவுன்சில் வேலையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பரமேஸ்வரன் வாழையிலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மேசை விரிப்பை நீவி, அதன் மேல் கரண்டியால் கோடு போட்டு, உப்புக் குப்பியை நீஸ்டனாக நிறுத்திக் காட்டத் தொடங்கினார்.

"இது மைதானம் எண்டு வையும்" என்றார். "இவ இதிலை மூண்டு தரம் சாம்பியன். எப்பிடியெண்டு சொல்லுறன், வடிவாக் கேளும்."

பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த சிவமலர், "நீஸ்டனைப் பிழையான இடத்திலை வைக்கிறியளப்பா" என்று சொல்லி, உப்புக் குப்பியை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள்.